கல்யாணப் பத்திரிகை எங்கம்மா?

செக்‌ஷன் கிளார்க் என் மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள். அதைத்தான் அதிக நேரம் படித்தார். பிறகு கேட்டார்: "கல்யாணப் பத்திரிகை எங்கம்மா?"

"கல்யாணமெல்லாம் இல்லை சார். வேற யுனிவர்சிட்டிக்கு மாறணும், அவ்வளவுதான்."

"அதான் கேக்குறேன். கல்யாணம் இல்லாம எதுக்கு மாறணும்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவே அப்படித்தான் யோசிக்கிறது. அது 2016-ல் வெளியிட்ட பிஎச்.டி. விதிகளைப் பாருங்கள், 2022 நவம்பரில் புதுப்பித்ததையும் பாருங்கள். பெண் ஆய்வாளர் 'திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ' இடம்பெயர்ந்தால், தன் ஆய்வுத் தரவுகளைப் புது நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறது. ஒரு பெண் ஊர் மாறுகிறாள் என்றதும் டெல்லிக்கு முதலில் ஞாபகம் வருவது தாலி. பழைய கைடுக்கும் பழைய நிறுவனத்துக்கும் உரிய மரியாதை தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். பிறந்த வீட்டுப் பெருமையை மறக்கக் கூடாதல்லவா? நிதி நிறுவனம் அந்த கைடுக்கோ அந்த நிறுவனத்துக்கோ கொடுத்த ப்ராஜெக்டில் செய்த ஆய்வென்றால் மட்டும் தொடக் கூடாது. அது அண்ணன் பங்கு.

ஆக, நான் மூன்று வருஷம் கண் விழித்துச் சேர்த்த டேட்டா அப்பா வீட்டு நகை மாதிரி. கட்டிக்கொடுத்தால் சீர்வரிசையாகக் கூடவே வரும். கோபித்துக்கொண்டு கிளம்பினால் பீரோவிலேயே கிடக்கும். ஆண் ஆய்வாளரைப் பற்றி அந்த வரியில் ஒரு பேச்சும் இல்லை. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவனை எந்த ஊர் கணக்கில் வைத்தது?

நான் நம்பி வந்தது அந்த 'வேறு காரணம்' என்ற இரண்டு சொல்லைத்தான். கிளார்க் அதன்மேல் விரலை வைத்தார். "கல்யாணம்னா பத்திரிகை வெப்பீங்க. வேற காரணம்னா எதைம்மா வெப்பீங்க?"

எதை வைப்பது? கைடு வீட்டு ஈ.பி. பில்லையா? அவர் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டையா? அதே 2022 விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் டியூட்டோரியல், லேப், மதிப்பீடு என்று வேலை கொடுக்கலாம். எங்கள் கைடு விதியை மீறாதவர். அந்த 4-ஐயும் 6-ஐயும் அப்படியே எடுத்துக்கொண்டார். விடியற்காலை 4 மணிக்கு அவர் மாமனாரை ஸ்டேஷனில் இருந்து அழைத்து வருவது, சாயங்காலம் 6 மணிக்கு அவர் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் அடிப்பது. லேபில் நான் ஓட்டிய சாம்பிள்கள் எத்தனையோ சொதப்பியிருக்கின்றன. அந்த வீட்டு கான்கிரீட்டில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. என் ஆய்வுக் காலத்தின் ஒரே ஸ்திரமான முடிவு அதுதான். அந்தப் பேப்பரிலும் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும்.

அதே துறையில் வேறு கைடிடம் போகலாமே என்பீர்கள். போனேன். "வேகன்சி இல்லம்மா" என்றார் அவர். பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்பது கணக்கு. அவரிடம் 3 இடம் காலியாக இருப்பது துறை வாசலில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அவர் ஸ்டூடண்டை நான் எடுத்தா, நாளைக்கு என் ப்ரொமோஷன் ஃபைல் எந்த மேஜையில தூங்கும்னு யோசிச்சுப் பாரு" என்றார்.

எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால் கட்சித்தாவல் தடைச் சட்டம் ஒன்றும் செய்யாது. நானும் கணக்குப் போட்டேன். எங்கள் கைடிடம் 8 பேர், 6 பேர் சேர்ந்தால் போதும். இரண்டு பேர் கைடு மகனின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குத் தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சப்மிஷன் பக்கத்தில் இருப்பதால் மூச்சுக்கூட விடமாட்டார். இரண்டு பேர் பார்ட் டைம், முகமே மறந்துவிட்டது. மிச்சம் மூன்று பேர், என்னையும் சேர்த்து. எங்களை எந்த ரிசார்ட்டில் அடைத்து வைப்பார்கள்?

சிரித்தது போதும். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய். நிறுவனம் மாதாமாதம் உறுதிசெய்தால்தான் அது வங்கிக்கு வரும். கைடு முகம் சுளித்தால் அந்த மாதம் வாடகை இல்லை, ஊரில் அம்மாவுக்கு மாத்திரை இல்லை. முன்னேற்ற அறிக்கையில் 'திருப்தியில்லை' என்று ஒரு வரி எழுத அவருக்கு அரை நிமிஷம் ஆகாது. நாட்டில் கொத்தடிமை முறையை 1976-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். செங்கல் சூளையில் பிள்ளைகுட்டியோடு வெந்தவர்களின் பாட்டோடு என் பாட்டை ஒப்பிட நாக்கு கூசுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். சூளைக்காரன் முன்பணம் கொடுத்துத்தான் ஆளைப் பிடித்தான். இங்கே அந்தச் செலவும் இல்லை, 'ஃபார்வர்டட்' என்று ஒரு கையெழுத்து போதும். சூளைக்குத் தாசில்தார் ரெய்டு போனார். பிஎச்.டி. அறைக்கு எவர் வந்தார்?

நாம் படித்து வாங்கிய கிரெடிட்டுக்கு 2021-ல் வங்கியே திறந்துவிட்டார்கள். அது ஒரு கல்லூரியில் இருந்து இன்னொன்றுக்கு ஜம்மென்று போகுமாம். வாங்கியவள்தான் செக்‌ஷன் வாசலில் நிற்கிறாள்.

நோ டியூஸ் படிவத்தில் நூலகம், ஹாஸ்டல், லேப் எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. உடற்கல்வித் துறையில் நான் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை என்பதை நம்பவைக்க மூன்று நாள் ஆனது. கடைசிக் கட்டம் கைடு கையெழுத்து.

சைட்டில்தான் இருந்தார். மாடிப்படிக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் மூட்டைமேல் படிவத்தை வைத்துப் படித்தார். "உனக்கு என்னம்மா குறை வெச்சேன்?" என்றார். நான் பேசவில்லை. "என் வீட்டுப் பொண்ணு மாதிரிதானே நெனச்சேன்?" அதற்கும் பேசவில்லை. சொந்தப் பெண்ணை அவர் ஒருநாளும் இந்த வெயிலில் நிறுத்தியதில்லை என்பது எனக்கும் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும்.

பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"போறதுன்னா போ. உன் இடத்துக்கு ஒரு ஆளைப் பாத்து விட்டுட்டுப் போ. டூ வீலர் ஓட்டத் தெரிஞ்ச பிள்ளையா இருந்தா நல்லது."