ரெண்டு நிமிஷ நிறுத்தம்

விழுப்புரம் தொடங்கிச் செங்கோட்டை வரை எந்த ஜங்ஷனில் இறங்கினாலும் ஒரு ரயில் பயணிகள் நலச் சங்கம் இருக்கும். சங்கம் என்றால் செயலாளர்தான். தலைவரும் பொருளாளரும் லெட்டர்பேடில் குடியிருப்பவர்கள். நான் சொல்வது மாயவரத்து ரகச் செயலாளரை. ஓய்வு பெற்ற அரசு ஊழியர். தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் அட்டை கிழிந்த பழைய தெற்கு ரயில்வே கால அட்டவணை. நேரம் மாறும்போதெல்லாம் ஓரத்தில் பென்சிலால் திருத்தித் திருத்தி, அச்சடித்த நேரத்தைவிடப் பென்சில் நேரம் அதிகமாகிவிட்ட புத்தகம் அது.

ஆட்களைப் பேர் சொல்லி நினைவு வைத்துக்கொள்கிற வழக்கம் அவரிடம் இல்லை. "நேத்து 16865-ல வந்து இறங்கினாரே, உங்க சம்பந்தி, சௌக்கியமா?" என்பார். வெளியூர்க்காரர் யாராவது பஸ்ஸில் வந்ததாகச் சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். அவருடைய சொந்த மகனே தீபாவளிக்கு ஆம்னி பஸ்ஸில்தான் வருகிறான். அதை நாம் அவரிடம் கேட்கக்கூடாது.

வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கடிதத்தின் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். 1909-இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியது. பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பிய மனிதர் அகமதுபூர் நிலையத்தில் ஒதுங்கப் போயிருக்கிறார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறுகையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னிலையிலும் விழுந்தார். ரயில் போய்விட்டது. பெட்டிகளில் கழிப்பறை வந்ததே இந்தக் கடிதத்தால்தான் என்பார்கள். செயலாளருக்கு அவர் குலதெய்வம். "ஒத்தை மனு சார்! நான் எத்தனை போட்டிருப்பேன்?"

அவர் போட்ட மனுக்களில் முக்கால்வாசி மாயவரம்–தரங்கம்பாடி ரயில் பாதைக்காக. 1986-இல் ஓட்டத்தை நிறுத்திய மீட்டர்கேஜ் பாதை. காந்தி 1917-இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தின் அவலங்களைப் பற்றி எழுதியபோது, தெற்கே தரங்கம்பாடி வரை போய்வந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். அது மனுவின் முதல் பத்தி. தரங்கம்பாடிக்குக் காந்தி எதில் போய்ச் சேர்ந்தார் என்ற விவரத்துக்குள் மனு நுழைவதில்லை. அடுத்த பத்தி கார்டு லைன். சென்னையிலிருந்து திருச்சிக்குக் கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே போவது கார்டு லைன். பேர்தான் மெயின். வைகை, பாண்டியன், பல்லவன், நெல்லை எல்லாம் போவது கார்டில். 'அரியலூர்' என்று உச்சரிக்கும்போது, சொத்தில் பெரிய பங்கை அமுக்கிக்கொண்ட பங்காளியைச் சொல்வதுபோல அவருக்குக் குரல் தாழும்.

எல்லா மனுவுக்கும் ஒரே பதில்: இயக்க ரீதியாகச் சாத்தியமில்லை. ரயில்வே பட்ஜெட் தனியாக இருந்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு நாளாவது டி.வி. முன்னால் உட்கார்ந்து ஊர்ப்பேர் வருகிறதா என்று காது கொடுக்கலாம். 2017-இல் அதையும் பொது பட்ஜெட்டில் கரைத்துவிட்டார்கள். ஆகவே அகில இந்திய மாநாடு என்று தீர்மானித்தார்.

இடம்? நியாயமாகப் பார்த்தால் நாக்பூர். டெல்லி–சென்னைப் பாதையும் மும்பை–ஹௌராப் பாதையும் வெட்டிக்கொள்ளும் ஊர். "அவங்களுக்கு ரயில் கொறையே கிடையாது சார். கொறையில்லாத ஊர்ல மாநாடு போட்டு என்ன பண்றது?" மாயவரமே முடிவாயிற்று.

தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கவில்லை. 120 நாள் முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாக்கிவிட்டார்களே, அதை வைத்துப் பின்னோக்கி எண்ணிக் குறித்தார். பிரதிநிதிகள் பட்டியலில் பேருக்கு எதிரே கன்ஃபர்ம், ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட் என்று மூன்று பத்தி. சமையல்காரர் இலைக்கணக்குக் கேட்டதற்கு, "சார்ட் போடட்டும்" என்றார். ஆர்.ஏ.சி.க்காரர்களுக்கு ரெண்டு பேருக்கு ஒரு நாற்காலி என்று அவர் திட்டமிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. செய்யக்கூடிய ஆள்தான்.

தலைமை விருந்தினராகக் கோட்ட மேலாளரைக் கூப்பிட வேண்டும். அவரைக் கண்டித்தும் பேச வேண்டும். இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் பொன்னாடை என்று ஒரு வழி இருக்கிறது. போர்த்திவிட்டு, மடிப்பு கலைவதற்குள் மனுவைக் கையில் திணித்து, போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியது. மேலாளர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பின்னால் நிற்பவரிடம் கொடுப்பார். பின்னால் நிற்பவர் அதற்கென்றே வந்தவர்.

மாநாட்டில் காலை அமர்வு சுகமாகவே போயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையைத் திரும்பத் தர வேண்டும்: கைதட்டல். பயணச் செலவில் 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துப் பயணியைச் சொல்லிக்காட்டியதைக் கண்டிக்கிறோம்: பலத்த கைதட்டல். மும்பை, கேரளம், அசாம், பீகார் எல்லாம் ஒரே குரல். சாம்பார் சாதம் வரைக்கும் பாரத ஒற்றுமை.

மத்தியானம் நிறுத்தக் கோரிக்கைகள். அங்கேதான் பிடித்தது. ஒவ்வொருவரும் தம் ஊரில் எல்லா எக்ஸ்பிரஸும் ரெண்டு நிமிஷம் நிற்க வேண்டும் என்றார்கள். கேரளத்துக்காரர் தம் ஊருக்கு நிறுத்தம் கேட்ட கையோடு, அதே வண்டிக்கு வழியில் வீண் நிறுத்தங்கள் மிகுந்துவிட்டதால் வேகம் போய்விட்டது என்று இன்னொரு தீர்மானமும் கொண்டுவந்தார். அந்த வீண் நிறுத்தத்தில் ஒன்றின் செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்! "எங்க ஊர்ல சோதனை முறையில ஆறு மாசம்தானே குடுத்திருக்கான், அதுவுமா கண்ணை உறுத்துது?" என்று எழுந்தார். மைக்கைப் பிடுங்கினார்கள். இந்தியில் ஒருவர் சமாதானம் சொன்னது யாருக்கும் புரியாமல் சண்டை இன்னும் வளர்ந்தது.

தரங்கம்பாடித் தீர்மானத்தைச் செயலாளர் கடைசிக்கென்று வைத்திருந்தார். நாலு மணிக்கு மேல் மூட்டை கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள். "உக்காருங்க சார், எந்த வண்டி நேரத்துக்கு வந்திருக்கு!" என்று வாசலில் நின்று கெஞ்சினார். அன்றைக்குப் பார்த்து எல்லா ரயிலும் சொன்ன நேரத்துக்கு வந்து தொலைத்தன. மிஞ்சியவர்கள் உள்ளூர் உறுப்பினர்கள், பந்தல்காரர், பாக்கிக்காகக் காத்திருந்த சமையல்காரர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'அகில இந்தியப் பிரதிநிதிகள் முன்னிலையில்' என்று தலைப்பிட்டு, டெல்லி ரயில்வே வாரியத்துக்கு ஒன்றும் திருச்சிக் கோட்டத்துக்கு ஒன்றுமாக அன்றிரவே பதிவுத் தபால் கட்டினார். ஆர்.எம்.எஸ். பையில் போட்டால் காலையில் திருச்சி சேர்ந்துவிடும் என்றார் ஒருவர். எந்த வண்டியில் போகும் என்று விசாரித்தார் செயலாளர்.