நாலும் இழுக்கும்

கார் வாங்கியவர் மைலேஜ் சொல்வார், தவணை எத்தனை மாதம் என்று சொல்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஃபோர் பை ஃபோர் வாங்கியவர் அப்படியில்லை. “நம்ம வண்டி எங்க வேணும்னாலும் ஏறும்” என்று ஆரம்பிப்பார். இதுவரை எங்கே ஏறியது என்று கேட்பது மரியாதை ஆகாது.

கீழ்பென்னாத்தூரில் இவரைப் பார்க்க வேண்டுமானால் காலையில் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடைக்கு வாருங்கள். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே வந்துவிடலாம். கேட்டைத் திறந்து, ரிவர்ஸ் எடுத்து, எதிர்வீட்டு ஸ்கூட்டியை நகர்த்தச் சொல்லி வருவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். இருந்தாலும் வண்டியில்தான் வருவார். தொழில் நெல் மண்டி, கொஞ்சம் ஃபைனான்ஸ், இப்போது கூடுதலாக மனைப்பிரிவு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி ரோட்டில் சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் இது; வானம் தெளிந்திருந்தால் அண்ணாமலையார் மலை தெரியும். ‘மலை தெரியும் மனை’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டால் சென்னைக்காரர்கள் கூகுள் மேப்பைக்கூடப் பார்க்காமல் கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

2020 ஆகஸ்ட் 15 அன்று மகிந்திரா புதிய ‘தார்’ வண்டியைக் காட்டியபோது இவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மனப்பாடம் செய்ததை இன்றுவரை மறக்கவில்லை. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம். முன்பக்கக் கோணம் 41 டிகிரிக்கு மேல். சம்பந்தியின் செல் நம்பர் இவருக்குத் தெரியாது. இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

வண்டிப் பூஜை திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரே நடந்தது. டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். நாலையும் நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. அந்த வண்டியில் நாலு சக்கரமும் சமமாக வேலை செய்த நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த முன்பக்கக் கோணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன் டயர் தரையைத் தொடுகிற இடத்திலிருந்து பம்பரின் அடிவிளிம்புக்கு ஒரு கோடு இழுத்தால், தரைக்கும் கோட்டுக்கும் நடுவில் வருவதுதான் அது. மேட்டின் சரிவு அதற்கு உட்பட்டிருந்தால் மூக்கு இடிக்காமல் டயர் முதலில் ஏறும். பின்பக்கத்துக்கும் இப்படி ஒரு கோணம் உண்டு. நடுவயிறு மேட்டில் தட்டாமல் தாண்டுவதற்கு இன்னொன்று. காட்டுப்பாதைக்குப் போகிறவர்கள் இவற்றில் ஒரு டிகிரி கூட்டுவதற்குப் படாதபாடு படுவார்கள். நம்மவர் வண்டி எடுத்த வாரமே கடைக்குப் போய் முன்னால் கனத்த இரும்பு கார்டு மாட்டினார். மூக்கு முன்னால் நீண்டது, கோணம் சுருங்கியது. இந்த கார்டுகளை மாட்டக் கூடாது என்று ஒன்றிய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அல்லது சொன்னவர்கள் மண்டிக்குப் பாக்கி வைத்திருப்பவர்கள். அம்மா ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி வைத்தார், நடுக்கோணம் போனது. பின்னால் வருகிறவன் இடிக்காமலிருக்க ஒரு கொக்கி உருண்டை வைத்தார், பின்கோணமும் போனது. காசு கொடுத்து வாங்கிய மூன்று கோணத்தையும் காசு கொடுத்தே கழித்துவிட்டு, டீக்கடையில் இன்னும் பழைய டிகிரியையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இதுவரை ஏறிய செங்குத்தான மேடு ரைஸ் மில் எடைமேடை. அதில் டிராக்டர் டிப்பரும் ஏறும்.

கியர் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருக்கிறது. 2எச், 4எச், என், 4எல் என்று மேலே எழுதியிருக்கும். வண்டியின் விலையில் ஒரு நல்ல பங்கு அந்தக் கம்பிக்கும் அதற்குக் கீழே இருக்கிற பெட்டிக்கும்தான். 2எச்சில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4எச்சில் நாலும் இழுக்கும். 4எல் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே போய், இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். பாறை மேல் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டபடி ஊர்ந்து ஏறுவதற்கு அதுதான் வழி. நம்மவர் வீட்டில் அண்ணி அந்தக் கம்பியில்தான் காய்கறிப் பையை மாட்டுவார். வெள்ளிக்கிழமை என்றால் பூப்பொட்டலமும் சேர்ந்து தொங்கும். உயரம் வாகாக இருக்கிறதாம். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் விலை குறைவாக வந்தபோது பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர் ஒன்று எடுத்தார். “அது தாரே இல்லை, சட்டைதான் தார்” என்று நம்மவர் ஊரெல்லாம் சொன்னார். இரண்டு வண்டியும் அதே ரோட்டில் அதே பின்சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மளிகைக்கடைக்காரருக்குப் பை மாட்ட இடமில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

போன ஐப்பசிக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கம்பியைத் தொட்டிருக்கிறார். மச்சானுக்குக் காட்டுவதற்காகக் காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு யூ டர்ன் அடித்தார். வண்டி கயிறு கட்டின கன்றுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளி நின்றது. திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடப் பெரிய வட்டம் அடிக்கும். 4எச்சில் முன்னும் பின்னும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் கூடுதல் தூரத்தை எங்காவது வழுக்கித்தான் சரிக்கட்டியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கிக் கொடுக்கும். காய்ந்த தாரில் பிடித்துக்கொண்டு முறுக்கும். மெக்கானிக் இதைப் பொறுமையாகச் சொல்லி, “மாசத்துல ஒரு வாட்டி மண்ரோட்ல போட்டு எடுங்கணா, சும்மா வுட்டா கம்பி இறுகிக்கும்” என்றார். மண்ரோடு என்றதும் இவருக்கு வாட்டர் சர்வீஸ் ஞாபகம் வந்துவிட்டது. சேறு என்றால் அவ்வளவு பயம். ஆனால் லாரி அடித்த சேறு கதவில் தெறித்தால் மட்டும் மூன்று நாள் கழுவ விடமாட்டார்.

கார்த்திகை தீபத்துக்கு வருஷா வருஷம் போவார். 2,668 அடி உயர மலைக்குக் கொப்பரை மனிதர் தோளில் ஏறும். இவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “நம்ம வண்டிய வுட்டா அரை மணி நேரம்” என்பார். நல்லவேளை, விடமாட்டார்கள்.

போன ஐப்பசியில் தாம்பரத்திலிருந்து மனை பார்க்க ஒரு குடும்பம் வந்தது. முதல் நாள் இரவு நல்ல மழை. தார் ரோடு முடிந்து ஏரிக்கரை ஓரமாகக் கொஞ்ச தூரம் போனால் மனைப்பிரிவு. வந்தவர் நடந்தே போய்விடலாமே என்றார். “சார், இது ஃபோர் பை ஃபோர்” என்று நம்மவர் கதவைத் திறந்துவிட்டார். முன்னிடது சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கியது, பின்வலது சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பின்வலது சக்கரம் மட்டும் ராட்டினமாகச் சுற்ற, பிடி இருந்த பின்னிடது சக்கரம் சும்மா நின்றது. டிஃபரன்ஷியலின் குணம் அது. இரண்டு பக்கத்துக்கும் சம பலம்தான் கொடுக்கும். தொங்குகிற சக்கரம் ஒன்றும் இல்லாமலே சுற்றிவிடுவதால் மற்றதற்கும் அந்த ஒன்றும் இல்லாததுதான் பங்கு. சம நீதி என்பது சில இடத்தில் இப்படியும் ஆகிவிடும்.

கம்பியைப் பிடித்தார். முதலில் பையைக் கழற்ற வேண்டியிருந்தது. கம்பி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்து ஒருவழியாக 4எச் விழுந்தது. இப்போது வாய்க்காலுக்குள் இருந்த முன்னிடது சக்கரமும் சேர்ந்து சுற்றியது. சுற்றுகிற சக்கரத்தைத் தானே பிரேக் பிடித்து மறுபக்கத்துக்குப் பலம் அனுப்புகிற ஏற்பாடு வண்டியில் இருக்கிறது; அதற்கு ஆக்சிலேட்டரை நிதானமாக ஒரே அளவில் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். இவர் அலற அலற மிதிப்பார், அடியில் டக டக என்று சத்தம் வந்ததும் காலை எடுத்துவிடுவார். டயரில் காற்று வேறு கல்லாக இருந்தது. 18, 20 பவுண்டுக்கு இறக்கியிருந்தால் டயர் பரந்து மண்ணைப் பிடித்திருக்கும். ரோட்டு டயரின் பள்ளமெல்லாம் களிமண்ணால் அடைத்து வழவழப்பாகிவிட்டது. கடைசியில் வண்டி வயிறு வைத்து உட்கார்ந்தது. வயிறு தரையில் பட்டால் கதை முடிந்தது; நாலென்ன, எட்டு சக்கரம் இழுத்தாலும் காற்றில்தான் இழுக்கும். தாம்பரத்துப் பிள்ளைகள் ரொம்பக் குஷியாக வீடியோ எடுத்தார்கள்.

பக்கத்துக் கழனியில் சேடை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். பழைய டிராக்டர், பின்சக்கரம் மட்டும் இழுப்பது. டயருக்குப் பக்கத்தில் இரும்புக் கேஜ் வீல். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

“எத்தினி சக்கரம் இழுக்கும்பா இது?”

“நாலும் இழுக்கும் பெரியப்பா.”

“சர்தான். எறங்கு.”

சங்கிலியை மாட்டி, டிராக்டரில் ஏறி, குதிகாலுக்குக் கீழே இருந்த சின்னப் பெடலை அமுக்கினார். டிராக்டரில் அதுதான் லாக். அமுக்கினால் இரண்டு பின்சக்கரமும் ஒரே தண்டாகச் சுற்றும், ஒன்று வழுக்கினாலும் மற்றது விடாது. நேராகத்தான் போக வேண்டும், அமுக்கிக்கொண்டே திருப்பினால் திரும்பாது. அவர் திருப்பவில்லை. இன்ஜினை அலறவிடவும் இல்லை. கேஜ் வீல் மண்ணைக் கிழித்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்தது. தார் வெளியே வந்தது. இரும்பு கார்டு வாய்க்காலில் தங்கிவிட்டது. கோணம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அவரிடம் யார் சொல்வது?

மனை விற்கவில்லை. மறுநாள் டீக்கடையில் விஷயம் ஏற்கெனவே பரவியிருந்தது, எல்லோரும் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மளிகைக்கடைக்காரர்தான் தாங்க முடியாமல் கேட்டார்: “இன்னாணா, நேத்து டிராக்டர் வெச்சு இழுத்தாங்களாமே?”

நம்மவர் டீயை ஆற்றி, ஒரு வாய் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

“டிராக்டர் அந்த இழு இழுக்குது. வண்டியில இருக்கிற கொக்கி ஒரு நூல் வளையணுமே? போய்ப் பாரு. கம்பெனி கொக்கி!”