இமயத்து உப்பு, குமுளி விலை

குமுளிக்கு ஏலக்காய் வாங்கப் போனால் இளஞ்சிவப்பு உப்பையும் நீட்டுகிறார்கள். பாக்கெட்டில் பனிமலை, '84 தாதுக்கள்', 'ரத்த அழுத்தத்துக்கு நல்லது' என்ற வாக்குறுதிகள். இந்த வகை உப்பு பெரும்பாலும் வெட்டப்படுவது பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்தில். அங்கே பனிச்சிகரம் எதுவும் கிடையாது, தாழ்ந்த குன்றுகள்தாம்.

அதில் சுமார் 98 விழுக்காடு சோடியம் குளோரைடு. அழுத்தத்தை ஏற்றுகிற அதே ஆசாமி! சிவப்பு நிறமோ இரும்பு ஆக்சைடு, அதாவது நம் வீட்டு ஜன்னல் கம்பித் துருவின் சொந்தக்காரர். அந்த இரும்பு உடம்பில் ஒட்ட, உப்பைக் கிலோக்கணக்கில் விழுங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ ஒரு நாளைக்கு 5 கிராமைத் தாண்டாதே என்கிறது.

கழுத்துக்கழலையைத் தடுக்கும் அயோடினைப் பெரும்பாலும் இதில் சேர்ப்பதில்லை. அயோடினோடு மலையேறிய தூத்துக்குடி உப்பு கீழ்த்தட்டில் கிடக்கிறது. மலிவாகப் பிறந்துவிட்டதே, பாவம்.