ஒரு நாள், ஒரு வயிறு

கேள்வி: சென்னையின் இனிப்பு, நொறுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் ருசித்துவிட முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியும், இன்னொரு வயிறு இரவல் கிடைத்தால். வெயில் நேரத்துக்கு மயிலாப்பூர் காளத்தி பேப்பர் கடை. பேப்பர் வாங்கப் போனவர் ரோஸ்மில்க் மீசையோடு திரும்புவார். பொழுது சாய்ந்தால் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா உணவான அத்தோ. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். (கையைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள்.) கூடவே வாழைத்தண்டு சூப். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் சொத்தையெல்லாம் அங்கே விட்டுவிட்டு வந்தார்கள். இந்த ருசியை மட்டும் எந்தச் சுங்க அதிகாரியாலும் பிடுங்க முடியவில்லை. கடைசியாக, சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருவில் சுடச்சுட நெய் ஜிலேபி. கார் மட்டும் வேண்டாம். அந்தச் சந்துகளில் மாடே திரும்ப யோசிக்கும்.