எம்.பி.டி. எங்கே படிக்கலாம்?

பிசியோதெரபி இளநிலைப் படிப்பான பி.பி.டி. முடித்து, இன்டர்ன்ஷிப் முடித்து, மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்கில் ‘இப்போதைக்கு’ வேலை பார்ப்பவர் அவர். அந்த ‘இப்போதைக்கு’ எப்போது தொடங்கியது என்று கேட்பது நாகரிகமில்லை.

முழங்கால் வலிக்காரருக்கு ஐ.எஃப்.டி. என்ற மின்சிகிச்சைக்கான பேடை ஒட்டி டைமரைப் பதினைந்து நிமிஷத்துக்கு வைத்துவிட்டால், அந்தப் பதினைந்து நிமிஷமும் அவருக்குச் சொந்தம். கைபேசி வெளியே வரும். அதில் ஓர் எக்செல் ஷீட். சென்னை, கோவை, வேலூர், மங்களூர், மணிபால் என்று ஊர் ஊராக, முதுநிலைப் படிப்பான எம்.பி.டி.க்குக் கல்லூரிகள். எதிரே ஃபீஸ், ஸ்டைபண்டு, ஹாஸ்டல், மெஸ். மெஸ்ஸுக்கு மட்டும் இரண்டு கட்டம்: சைவம் தனி, அசைவம் தனி.

“தம்பி, கரண்டு ரொம்ப சுர்ருங்குதே!”

குறைத்துவிட்டு மறுபடி ஷீட்டுக்குள் போய்விடுவார்.

கல்லூரிக்கு முன்னால் பிரிவை முடிவு செய்ய வேண்டும். ஆர்த்தோ எல்லாரும் எடுப்பது. நியூரோவுக்குப் பொறுமை வேண்டும். பக்கவாதம் வந்தவர் ஒரு விரலை மடக்குவதற்கே மாதங்கள் ஆகலாம், அதற்காக மகிழவும் தெரிய வேண்டும். கார்டியோ எடுத்தால் ஐ.சி.யூ.வில் நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கும் வேலை. அதைக் கல்யாண வீட்டில் அத்தையிடம் விளக்க முடியாது. ஆகவே ஸ்போர்ட்ஸ். சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு இவர் ஓட வேண்டும், அதை டி.வி.யில் ஊரே பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் படித்தவரிடமும் அப்பார்ட்மென்ட் ஷட்டில் கோர்ட்டில் காலைத் திருகிக்கொண்ட பேங்க் மேனேஜர்தான் வருவார் என்று யாராவது சொன்னால், அவரோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

நடுவில் அமெரிக்கா வேறு. அங்கே 2016 முதல் அங்கீகாரம் பெற்ற படிப்பெல்லாம் டி.பி.டி.தான், மூன்று வருஷம், முடித்தால் டாக்டர் பட்டம். நேரே அதில் சேர்வதா, இங்கேயே எம்.பி.டி. முடித்து அங்கே உரிமத் தேர்வு எழுதுவதா? அப்பாவின் கவலை அதுவல்ல. “பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமா?” 2025-இல் பிசியோக்கள் அப்படிப் போடக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரத் தலைமை இயக்ககம் கடிதம் விட்டு, உடனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்ட வேகத்தில், இவருடைய கல்யாண பயோடேட்டா இரண்டு தடவை பிரின்ட் எடுக்கப்பட்டது.

கல்லூரி முடிவாகாவிட்டாலும் தீசிஸ் தலைப்பு முடிவாகிவிட்டது. ஃப்ரோசன் ஷோல்டருக்கு ஆஸ்திரேலியாக்காரர் மெயிட்லண்டின் முறை நல்லதா, நியூசிலாந்துக்காரர் மல்லிகனின் முறை நல்லதா? இதே தோளை இதே இருவரிடமும் எத்தனையோ பேர் ஏற்கெனவே ஒப்படைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அதற்குத் தோள் இறுகிய நோயாளிகள் வேண்டுமே! கல்லூரியோடு ஆஸ்பத்திரி இருக்கிறதா, ஓ.பி.யில் கூட்டம் வருகிறதா, முதல் வருஷத்திலேயே நோயாளியைத் தொட விடுவார்களா? என்னைக் கேட்டால் இதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. ஷீட்டில் இதற்கு மட்டும் கட்டம் கிடையாது. வைஃபைக்கு இருக்கிறது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரும். அன்றைக்குப் பார்த்து புதிதாக ஒரு கல்லூரியைப் பற்றி யாரோ சொல்லியிருப்பார்கள். ஷீட்டில் ஒரு வரி கூடும். வருஷம் ஒன்று கழியும்.

இதற்குள் இவருடைய ஜூனியர் ஒருவன், பஸ் வசதி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருஷம் படித்து, அங்கேயே விரிவுரையாளராகவும் ஆகிவிட்டான். சென்ற வாரம் அவனிடமிருந்து போன்.

“அண்ணே, என் தங்கச்சி எம்.பி.டி. சேரணுங்கிறா. உங்களை விட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்?”

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “அவசரப்பட்டுச் சேர்த்துடாதீங்க தம்பி. முதல்ல உங்க மெயில் ஐடி சொல்லுங்க, ஒரு ஷீட் அனுப்புறேன்.”