ஹெர்ரிங் இலக்கணம்: புலம்பெயர் இயல்

ஹெர்ரிங் மீனுக்கு 1758-இல் க்ளூபியா ஹரெங்கஸ் என்று பெயர் சூட்டியவர் ஸ்வீடன்காரரான லின்னேயஸ். செடி, கொடி, பூச்சி ஒன்றையும் விடாமல் இனம் பிரித்தவர், அதே மீன் ஜாடிக்குள் போனபின் என்ன இனம் என்று மட்டும் சொல்லாமல் போனார். இத்தனைக்கும் 1735 முதல் 1738 வரை பெரும்பாலும் ஹாலந்தில் வாழ்ந்தவர்; அயலூரில் ஹெர்ரிங் தேடுவோர் படும் பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல் என்க.

ஸ்வீடனில் ஸில் எனப்படுவது யாதெனின், உப்பிட்ட ஹெர்ரிங்கைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கி, 1-2-3 நீரில் போட்டது. ஒரு பங்கு எட்டிக்கா என்னும் வினிகர், இரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீர். கூடவே வெங்காயம், ஆல்ஸ்பைஸ், பிரிஞ்சி இலை. ஜூன் மாத மிட்சொம்மார் விருந்தில் புது உருளைக்கிழங்குக்கும் புளித்த க்ரீமுக்கும் நடுவே இது இல்லாவிட்டால் ஸ்வீடன்காரருக்குப் பண்டிகையே இல்லை. கடுகு போட்டது, வெங்காயம் மிகுந்தது எனக் கிளைகள் பல. டென்மார்க்கில் கறித்தூளும் மயோனைஸும் சேர்த்து மஞ்சளாக்கி, ரை ரொட்டிமேல் வைத்துத் தின்கிறார்கள். கறித்தூள் எங்கிருந்து கிளம்பியது என்று நமக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தீர்களா!

நூல்கள் முதல், வழி, சார்பு என மூவகைப்படுவதுபோல் அயலூரில் கிடைக்கும் ஜாடிகளும் மூவகைப்படும்.

முதல்ஜாடி ஸ்வீடனிலிருந்தே வருவது. 1838-இல் தொடங்கிய ஆபா என்ற பழைய மீன் கம்பெனியின் ஜாடி இவ்வகை. பாட்டுக் குழுவான ஆபா அந்தப் பெயரை வைத்துக்கொள்ள இந்த மீன்காரர்களிடம் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. இக்கியா கடையிலும் முதல்ஜாடி உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பில் போடும் இடத்தைத் தாண்டித்தான் இருக்கும். இருநூறு கிராம் மீனுக்காக சோபா, கட்டில், மெத்தை எல்லாவற்றையும் வலம் வர வேண்டும்.

முறைப்படி அடுத்தது வழி. சீக்கிரம் முடித்துவிடலாம் என்பதால் சார்பை, அதாவது பிற நாட்டு வகையை, முன்னே சொல்கிறோம். ஜெர்மன் ரோல்மாப்ஸ் வெள்ளரி ஊறுகாயைச் சுற்றி மீனைச் சுருட்டிக் குச்சி குத்தியது, புளிப்பே மேலோங்கும். போலந்தில் எண்ணெயில் மிதக்கும். நியூயார்க் யூதர் கடைகளில் க்ரீமில் முங்கியிருக்கும். டச்சுக்காரர் வினிகர் காட்டாமல் உப்பிலேயே பதப்படுத்தி, வாலைப் பிடித்து அண்ணாந்து வாயில் இறக்குவார். எல்லாம் நல்ல மீன்தான். ஆனாலும் மிட்சொம்மார் மேசையில் வைத்தால், மாப்பிள்ளைக்குப் பதில் மாப்பிள்ளைத் தோழனை மணையில் உட்காரவைத்த கதைதான்.

வழிஜாடி வீட்டில் போடுவது; எம் கட்சி இதுவே. ரஷ்ய, போலந்துக் கடைகளில் உப்பு ஹெர்ரிங் கிடைக்கும், மீனுக்குக் கவலையில்லை. கெடுப்பது வினிகர்தான். 1-2-3 கணக்கு 12 சதவீத எட்டிக்காவுக்கு உரியது. அயலூர்ப் புட்டியில் பெரும்பாலும் 5 சதவீதமே. அறியாமல் அதே கணக்கில் ஊற்றினால் சர்க்கரைப் பாகில் மீன் மிதக்கும். ஆகவே 5 சதவீத வினிகர் 2.4 பங்கு, சர்க்கரை 2, தண்ணீர் 1.6 என்று திருத்திக் கொள்க. ஜெர்மனியில் 25 சதவீத வினிகர் எசென்ஸ் மளிகைக் கடையிலேயே உண்டு. சரிபாதி தண்ணீர் விட்டால் ஏறத்தாழ எட்டிக்கா ஆகிவிடும்.

இவ்வகையில் தலையாயது க்ளாஸ்மெஸ்டார்ஸில். தோல் உரிக்காத வெள்ளித் துண்டுகள், கேரட் வட்டங்கள், சிவப்பு வெங்காய வளையங்கள் என்று கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காக அமைவது. நாளாக ஆக வெங்காயச் சாயம் இறங்கி நீர் இளஞ்சிவப்பாகும். துண்டு பல்லுக்குச் சற்று முரண்டுபிடித்துப் பிறகே இணங்க வேண்டும், குழைந்தால் கடை.

புறனடை: நொதிக்கவிட்டு, தகர டப்பாவே உப்பிப்போகும் ஸூர்ஸ்ட்ரொம்மிங் என்றொரு பால்டிக் ஹெர்ரிங் உண்டு. அதை இந்நூல் ஏற்காது. 2006-இல் ஏர் பிரான்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும்கூட விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டன.