ஆணி அடிக்கத் தெரிந்த தம்பிக்கு

படப்பையில் மனை விற்கும் இணையதளம் ஒன்றை ஊரறியச் செய்யும் வேலையை ஏற்றிருக்கும் தம்பிக்கு வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் உங்களுக்குத் தெரியும். நான் பணி ஓய்வு பெற்றவன் என்பதும், சேமநலநிதிப் பணம் கைக்கு வந்திருக்கும் என்பதும்கூடத் தெரியும். என் மருமகனுக்கே மறந்துபோகும் என் கைபேசி எண் உங்களுக்கு ஒருநாளும் மறந்ததில்லை. பாராட்ட வேண்டியதை உரிய நேரத்தில் பாராட்டிவிட வேண்டும் என்று எங்கள் அப்பா சொல்வார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் உழைப்பு. ஆடி மாதம் முழுக்க, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கு வைத்தேன். செய்திகள் 41, அழைப்புகள் 17. ஆடியில் மனை பேசுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கும் நீங்கள் சளைக்கவில்லை. ஓர் எண்ணை நான் தடுத்தால் மறுநாள் வேறோர் எண்ணில் வந்தீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கும் இந்தப் பிடிவாதம் படிக்கிற பிள்ளைகளுக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அடுத்து உங்கள் சமநோக்கு. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, காலை பத்து மணிக்குச் சன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுக்கிற பிள்ளைகள் என் வீட்டு மாடியில் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். அவர்களையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. பதினொன்றரைக்கு மாடியில் மணி அடிக்கும். தூக்கம் கலைந்த குரலில் ஒருவன் “வேண்டாங்க” என்பான். ஐந்து நிமிடத்தில் அடுத்தவன் கட்டிலில் அடிக்கும். வாங்க வசதி உள்ளவன், இல்லாதவன் என்று நீங்கள் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

என் அண்ணனுடைய காரியத்தன்றும் அழைத்தீர்கள். மணிமங்கலத்து வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. தூரத்து உறவு யாராவது வழி கேட்கிறார்கள் என்று எண்ணி எச்சில் கையோடு எடுத்தேன். “சார், ஒரகடம் ஜங்ஷன்லேர்ந்து அஞ்சே நிமிஷம். சைட் விசிட்டுக்குக் கார் அனுப்பட்டுமா?” என்றது ஒரு பெண்குரல். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேரை அழைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ கணக்கு வைத்திருப்பார்கள். துக்க வீட்டுக்கும் கார் அனுப்ப ஆயத்தமாக இருந்த உங்கள் ஏற்பாட்டைத்தான் நான் மறக்கவில்லை.

உங்கள் துணிச்சலைச் சொல்லாமல் விட்டால் பாராட்டு முழுமையாகாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-லேயே வணிகச் செய்திகளுக்கு விதி வகுத்துவிட்டது. விளம்பரம் செய்கிறவர் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். வேண்டாம் என்கிறவர் 1909-இல் சொல்லிவைத்தால் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. 2024 ஆகஸ்டில் ஆணையம் கடுமை காட்டியபோது, சில வாரங்களுக்குள் 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் ஏறின. 2025 பிப்ரவரியில் விதி இன்னும் இறுகியது. பதியாமல் தொல்லை தரும் எண்ணின் மேல் பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை உண்டு. தனிநபர் தரவைப் பயன்படுத்த அவருடைய தெளிவான சம்மதம் வேண்டும் என்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. இத்தனையும் தலைக்கு மேல் தொங்க, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறீர்கள். துணிச்சலுக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

உங்கள் தொழிலுக்கு மரபும் உண்டு. 1978 மே மாதத்தில், இன்றைய இணையத்தின் மூத்த வடிவமான அர்ப்பாநெட்டில், கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு அவர்கள் கேட்காமலே ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உடனே கண்டனம் கிளம்பியது. அன்று தொடங்கிய வேலையை அரை நூற்றாண்டு ஆகப்போகும் இன்று படப்பையில் நீங்கள் தொடர்கிறீர்கள்.

உங்கள் கருவிகளைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு ஔவையார் நினைவுக்கு வந்தார். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனவர், அவனுடைய ஆயுதசாலையில் மெருகு குலையாமல் இருந்த படைக்கலங்களைப் புகழ்ந்தார். தன் அரசனுடையவை முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அது தைத்தது. இந்தப் படப்பையும் தொண்டை மண்டலத்து மண்தான். உங்களிடம் ஆயிரக்கணக்கான எண்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஒரு விசையில் அத்தனை பேருக்கும் செய்தி போகும் மென்பொருள் இருக்கிறது. கூகுள் மேப்பில் உங்கள் தளத்துக்கு ஒரே நாளில் விழுந்த ஐந்து நட்சத்திரங்கள் இருக்கின்றன. எல்லாம் புத்தம் புதிது. வந்து பார்த்து வாங்கிய ஒரு மனிதரின் கை பட்டுத் தேயாதவை.

கடைத்தெரு முனையில் இருக்கும் புங்கமரத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தளத்தின் முகவரி எழுதிய மஞ்சள் தகடு அதில்தான் இருக்கிறது. ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றபோது ஆணிகளை எண்ணினேன். பதினொன்று. மூன்றைச் சுற்றிப் பட்டை வீங்கி, தலையை விழுங்கியிருந்தது. ஒன்றிலிருந்து துருவும் பிசினும் கலந்து வடிந்து காய்ந்திருந்தது. ஆணியடிக்க உங்களுக்கு மரம் மட்டும் போதவில்லை. ஊர்க்காரர் பேசிக்கொள்ளும் இடம் எதுவானாலும் அதன் நடுவே உங்கள் முகவரியை அறைந்துவிட்டுப் போகிறீர்கள். கோயில் திருப்பணிக்கு ஆள் சேர்த்த வாட்ஸ்ஆப் குழுவிலும் உங்கள் மனை விளம்பரம் இருந்தது. நிழல் யாருடையது, தண்ணீர் ஊற்றியவர் யார் என்று பாராமல் அடிக்கக் கூடிய கை எல்லாருக்கும் வாய்க்காது.

இனி ஒருவரைக் குறை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். விளம்பரம் செய்யத் தெரியாதவர். போன சித்திரையில் என் வீட்டு போர் மோட்டார் எரிந்தபோது, “நீர்மூழ்கி மோட்டார் ஏன் எரிகிறது” என்று கைபேசியில் தமிழில் தேடினேன். அவருடைய பக்கம் வந்தது. தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்கிற பக்கம் அது. மோட்டாரைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதன் சூட்டை வாங்குகிறது, நீர்மட்டம் இறங்கி வெறுமனே ஓடினால் காயில் கருகும் என்று எழுதியிருந்தார். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சூடேறும், அதற்கு என்ன காப்பு வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எந்த நிலையில் காயில் கட்டுவது வீண், புதுசு வாங்குவதே லாபம் என்பதையும், தன் கூலியையும் மறைக்காமல் போட்டிருந்தார். வாடிக்கையாளர் வராமல் இருக்க இதைவிட என்ன செய்ய முடியும்? ஆனால் நான் போனேன். வார்னிஷ் வாடை அடிக்கும் அந்தக் கடையில், தரையில் ஏழு மோட்டார் வரிசையில் காத்திருந்தது.

தாமதக்காரரும்கூட. இரண்டு நாள் என்றவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். காசு கொடுத்தபோது, “கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்க சார். நல்லா இருந்தா நல்லாருக்குன்னு எழுதுங்க. லேட் ஆச்சுன்னா லேட் ஆச்சுன்னும் எழுதுங்க” என்றார். லேட் என்றே எழுதினேன். அன்றிரவே அதன் கீழே மன்னிப்புக் கேட்டு, செம்புக் கம்பி வரத் தாமதம் என்று பதில் போட்டிருந்தார். கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கோடைக்கு முன்னாடி நீர்மட்டம் பாருங்கன்னு வருஷத்துக்கு ஒரு மெசேஜ் போடட்டுங்களா? வேணாம்னா விட்டுடறேன்.” சரி என்றேன். இந்த ஆண்டு மாசியில் அந்த ஒரு செய்தி வந்தது. கடைசி வரி: இனி தேவையில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று பதில் போடவும். அவ்வளவுதான் அவருடைய சாமர்த்தியம். அவர் எண்ணை நான் இதுவரை ஆறு பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி, அவருக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. ஊரே விடை தேடித் தவிக்கும் கேள்விகள் உங்கள் தொழிலில்தான் இருக்கின்றன. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த ஊர் இது. மனை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, அந்த மழையில் இந்த இடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதைத்தான். இது ஏரிக்கு நீர்வரும் வழியா, பட்டா யார் பெயரில், சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி எண் என்ன, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர், குடிக்கிற தண்ணீரா உப்பா என்று அடுத்தடுத்துக் கேட்பார். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு தேவைப்படும் திட்டத்துக்குப் பதிவில்லாமல் விளம்பரமே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணையும் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணைய முகவரியையும் எடுப்பாகக் காட்ட வேண்டும். உங்கள் 41 செய்திகளிலும் தேடினேன். விமான நிலையம் எத்தனை நிமிடம் என்பது இருந்தது. தங்கக் காசு இருந்தது. அந்த எண் இல்லை. இவ்வளவு பேசியும் ஒரு விவரத்தைக் காப்பாற்றிவிட்ட உங்கள் அடக்கத்தை என்னவென்பது?

சென்ற வாரம் டீக்கடையில், மாடியில் குடியிருக்கும் பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். ஆறு வருடச் சேமிப்பு வைத்திருக்கிறான். “இந்தப் பக்கம் நம்பி மனை வாங்க யாரு சார் இருக்கா?” உங்கள் தளத்தின் பெயர் எனக்கு மனப்பாடம். அதுதான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. அந்த அளவில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். ஆனால் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “விசாரிச்சுச் சொல்றேம்பா” என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

புங்கமரத்து ஆணிகளை முதலில் பிடுங்குங்கள். எண் பட்டியலை அழியுங்கள். தண்ணீர் எதுவரை நின்றது என்பதில் தொடங்கி, கேட்கிறவனுக்கு வேண்டிய விடைகளை உங்கள் தளத்தில் நல்ல தமிழில் எழுதிவையுங்கள். எழுதி முடித்ததும் என்னை அழைக்க வேண்டாம். அந்தப் பையனுக்காக நானே தேடிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் படும்.